முள்ளில்லாத கள்ளி

புசல்லாவை வீதிச் சோதனைச் சாவடியில் சாரதி இராமையா வான் வண்டியை நிறுத்துகிறார். மழை விட்டும் தகரக் கூரை சொட்டிக்கொண்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கும் மங்களேஸ்வரியின் கைகள் மடியிலிருக்கும் ஐஸ் பெட்டியை விட்டு நகரவில்லை. ஐஸ் கரைந்தால் உள்ளேயிருக்கும் தண்டுகளின் மரபணு சிதைந்துவிடும். அவளுடைய அடையாள அட்டையை வாங்கிய சிப்பாய், பெட்டியைத் திறந்து பச்சைக் கயிறுபோன்ற தண்டொன்றைத் தூக்கிப் பார்க்கிறான். என்ன இது என்று சிங்களத்தில் கேட்கிறான். “மருந்துன்னு சொல்லிருங்க மிஸ்,” என்று முணுமுணுக்கிறார் இராமையா. “பொய் சொல்லேலாது,” என்றவள், கள்ளி என்கிறாள் அவனுடைய மொழியில். “முள் எங்கே?” இளந்தண்டைத் திருப்பி, மயிர்போல் நிற்கும் முட்களைக் காட்டுகிறாள். அவன் நகத்தால் வருடுகிறான். “இதன் ஊர்?” “சொந்தமெல்லாம் அமெரிக்காவில். இந்த முள்ளும் அமெரிக்கக் கள்ளிகளின் முள்தான். மரபணுவும் அதையே சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் நெடுங்காலமாக இந்தக் காட்டிலேயே முளைக்கிறது.” “அப்படியென்றால் இது இங்கத்தையதுதான்,” என்கிறான் அவன். பெட்டியின் மூலையிலிருந்து நீர் கசிந்து அவள் சேலையை நனைக்கிறது. தண்டைப் பக்குவமாக உள்ளே வைத்து மூடுகிறான். பிறகு அட்டையைத் திருப்புகிறான். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருக்கிறது. “நீங்கள் இறங்குங்கள்.”