நான்கு நகல்கள்

2019 ஜூலை 13, சனிக்கிழமை, காலை ஆறு நாற்பது. நாகர்கோவில், வடசேரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தங்கும் விடுதி. ஆடி பிறக்க நான்கு நாள் இருந்தது. காற்று முன்பே வந்துவிட்டிருந்தது.

மேலாளர் பதிவேட்டின் மேல் செங்கல் வைத்திருந்தார்.

அவன் தன்னுடையதும் மனைவியுடையதுமாக இரண்டு ஆதார் அட்டைகளை நீட்டினான்.

அவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவனுடையதில் திருச்சி, உறையூர். அவளுடையதில் தஞ்சாவூர், அவள் அப்பாவின் பெயர். கல்யாணமாகி ஒன்பது வருடம். மாற்ற வேண்டும் என்று பேசிப் பேசியே விட்டுப்போனது.

"தப்பா நெனச்சிராதிய சார். வெலாசம் வேற வேறயா இருக்கு. சம்சாரம்தானான்னு கேக்கச் சொல்லியிருக்காவ."

அவள் தாலிச் சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"அத கவரிங்ல வாங்கிப் போட்டுட்டு வாராவம்மா."

கைப்பேசியில் கல்யாணப் படம் தேடினாள். கல்யாணம் 2010இல். இது மூன்றாவது கைப்பேசி.

அதற்குள் அவன் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்திருந்தான். தேடவில்லை. கை நேராக உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தது.

திருமணப் பதிவுச் சான்றிதழ். நகல்.

மேலாளர் சிரித்துவிட்டார்.

"இருவது வருசமா இந்தச் சேர்ல இருக்கேன். கல்யாண சர்ட்டிபிகேட்ட கையோட கொண்டு டூர் வந்த மொத ஆளு நீங்கதான் சார். யம்மா, நீங்க குடுத்து வச்சவ."

அவளும் சிரித்தாள்.

"ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுத் தாரேன்."

"நீங்களே வெச்சுக்கங்க" என்றான் அவன். "இன்னும் மூணு இருக்கு."

மேலாளர் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார். மேசையில் கிடந்த நகலின் ஓரம் காற்றில் எழும்பியது. அவள் விரலால் அழுத்திப் பிடித்தாள்.

விரலுக்குக் கீழே திருச்சி நோட்டரியின் முத்திரை. அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது. கையெழுத்து. தேதி 9.7.2019.

செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை கரூர் கிளையில் தணிக்கை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். இரவு எட்டு மணிக்கு வந்து, கரூரில் வெயில் தாங்கவில்லை என்றான். அவள் மோர் கொடுத்தாள்.

புதன்கிழமை ரயில் டிக்கெட்டுகளோடு வந்தான். ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் ஒன்பது வருடமாக லீவு கிடைக்காதவன். ரெண்டு நாள் எங்கயாவது போய் நிதானமா பேசிட்டிருக்கலாம் என்றான்.

ரயிலில் கீழ்ப் படுக்கையை அவளுக்கு விட்டுக்கொடுத்தான். மதுரையில் எழுப்பி டீ வாங்கித் தந்தான். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டான்.

அப்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

மூன்றாவது மாடி அறை. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. செய்தித்தாளை மடித்து இடுக்கில் செருகினான். அவனாகவே சொன்னான்.

"அது பாஸ்போர்ட்டுக்கு. உனக்கு ஒண்ணு எடுத்துடலாம்னு."

அவளிடம் பாஸ்போர்ட் இருந்தது. 2014இல், சிங்கப்பூரில் அக்காவின் பிரசவத்துக்குப் போக எடுத்தது. விண்ணப்பத்தை நிரப்பியது அவன்தான். கணவர் பெயர் என்ற கட்டங்களில் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினான்.

"நல்லதுதான்" என்றாள்.

அவன் குளிக்கப் போனான்.

பை கட்டிலின் மேல் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. அவள் அலுவலகத்தில் சென்ற ஆண்டு ஒருத்தி விவாகரத்து வாங்கினாள். மனுவோடு வைக்க வக்கீல் முதலில் கேட்டது கல்யாண சர்ட்டிபிகேட்டைத்தான் என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருந்தாள்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. அவள் தலைவாரத் தொடங்கினாள்.

பிற்பகலில் ஆரல்வாய்மொழிக்கு ஆட்டோ பிடித்தார்கள். காற்றாலைகளைப் பார்க்கலாம் என்றான். ஓட்டுநர் வழியெல்லாம் பேசினார்.

"எங்க ஊர் காத்துல மூக்குப்பொடி போடுறவன் ஒருத்தன் சார். தும்முறது பின்னால வாரவன்."

அவன் சத்தமாகச் சிரித்தான். தேவைக்கு மேல் சிரித்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

கணவாயில் இறங்கியதும் துப்பட்டா முகத்தில் அறைந்தது. அதை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஆட்டோவை விட்டுத் தள்ளி நடந்தான் அவன். அவளும் நடந்தாள். தலைக்கு மேல் இறக்கைகள் கனத்த ஓசையோடு சுழன்றன.

அவன் நின்றான்.

அவளைப் பார்க்காமல், மலையைப் பார்த்துச் சொன்னான்.

"தமயந்தி, நாம பிரிஞ்சிடலாம்."

ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது.

"என்னங்க?" என்றாள். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் காட்டினாள்.

அவன் பக்கத்தில் வந்தான். கத்தினான்.

"வக்கீலப் பாத்துட்டேன். பிரிஞ்சிடலாம்."

அவன் கண்களில் நீர் கோத்திருந்தது. மணல் விழுந்திருக்கலாம்.

"ஒண்ணும் கேக்கல. என்ன காத்துங்க இது."

அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தான். கண்ணிலிருந்து உதட்டுக்கு, உதட்டிலிருந்து கண்ணுக்கு. அவள் அப்படியே நின்றாள். கையை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஆட்டோ ஓட்டுநர் தூரத்திலிருந்து, கிளம்பலாமா என்று கையசைத்தார்.

அவன் மூன்றாவது முறை சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு இருவரும் வேலைக்குப் போனார்கள்.