தெளிந்த தண்ணீர்

"நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது."

கணவன் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அவள் கண்களைப் பொத்தியிருந்தான். கைகளில் கிரீஸ் வாசனை. பஸ் பணிமனையில் மெக்கானிக் அவன். எந்த சோப்புக்கும் அந்த வாசனை அசைந்து கொடுத்ததில்லை.

அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தவள் அன்று விடியற்காலைப் பஸ்ஸில்தான் வந்து இறங்கினாள். பையைக்கூட வீட்டுக்குள் வைக்க விடாமல், நேரே கொல்லைப்புறத்துக் குளத்தங்கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

குளம் அவளுடையது. குஞ்சு வாங்கி விட்டது, தீனி போட்டது, மழையிலும் வெயிலிலும் காத்தது எல்லாம் அவள்தான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தட்டில் கிடக்கும் மீன் மட்டும்.

"இப்பத் திற."

திறந்தாள்.

அவள் ஊருக்குப் போகும்போது கரைக்குக் கரை பாய் விரித்ததுபோல் பாசி மண்டிக் கிடந்தது. இப்போது ஓர் இழைகூட இல்லை. படிக்கல்லின் அடி வரைக்கும் தெரிந்தது.

தண்ணீருக்கு மேலே வாய்கள்.

இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, நூற்றுக்கணக்கில், வட்ட வட்டமான வாய்கள். அடுத்த வாரம் வலை போட வேண்டிய கெண்டைகள் தலையை மேலே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"எப்படி? நேத்துலேர்ந்து இப்படித்தான். விடிஞ்சதும் என்னைத் தேடி வந்துடுதுங்க. கடைசி பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கூட்டம் மாதிரி! உனக்குக்கூட இப்படி ஒரு வரவேற்பு கிடைச்சிருக்காது."

தவிட்டை இரண்டு கையாலும் அள்ளி வீசினான்.

ஒரு மீனும் அதைத் தொடவில்லை. தவிடு வாய்களைச் சுற்றி மிதந்தது.

அவள் தோளிலிருந்து பை நழுவியது.  

"பாசி எங்கே?"

"மருந்து தெளிச்சேன். ஒரே வாரம், அத்தனையும் செத்து அடியில போயிடுச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, பாரு."

உடுத்தியிருந்த துணியோடு அவள் குளத்தில் குதித்தாள்.

கைகளால் தண்ணீரை அடித்தாள். அள்ளி மேலே வீசினாள். மறுபடி அடித்தாள்.

சந்தோஷம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டான் அவன். சிரித்துக்கொண்டே அவனும் தொப்பென்று குதித்து, அவள் மேல் ஒரு கை தண்ணீர் இறைத்தான்.

பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"அதுங்க உங்களைத் தேடி வரலைங்க. மூச்சு முட்டி வந்திருக்குங்க. அடிங்க! தண்ணியை அடிங்க!"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அவனுடைய தோள் அருகிலேயே ஒரு பெரிய கெண்டை மெல்லச் சாய்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டியது.

அவனும் இரண்டு கைகளாலும் தண்ணீரை மூர்க்கமாக அடித்தான். சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்தார். பக்கத்துத் தோட்டக்காரர் மோட்டாரைத் தூக்கிவந்து, குளத்துத் தண்ணீரையே உறிஞ்சி உயரத்திலிருந்து மழையாகக் கொட்டவிட்டார். தையல்காரரின் மனைவி தாம்பாளத்தால் தண்ணீரை அறைந்துகொண்டே, "யாரோ விஷம் கலந்துட்டாங்களா?" என்று அலறினாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக அடித்தான்.

மோட்டார் தண்ணீர் விழுந்த மூலையில் கொஞ்சம் மீன்கள் பிழைத்துக்கொண்டன. மற்ற இடமெல்லாம் வெயில் ஏறுவதற்குள் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.

அவன் படிக்கல்லில் உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றி எங்கோ எறிந்திருந்தான். "பாசியைத்தானே கொன்னேன்?" என்றான், யாரையும் பார்க்காமல். "மீனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு கடைக்காரர் சொன்னாரே."

"பகல்ல தண்ணிக்கு மூச்சுக் கொடுக்கிறதே அந்தப் பாசிதாங்க. நான் கொஞ்சம் கொஞ்சமா வாரித்தான் எடுப்பேன். மொத்தமாச் செத்து அடியில அழுகினா, அந்த அழுகலே மிச்ச மூச்சையும் குடிச்சிடும். ராத்திரி பூரா குடிச்சிருக்கு."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க? அழகா இருக்குன்னா? என் கையால வளர்த்ததை இப்படிக் கொன்னுட்டீங்களே!"

அவன் எழுந்து போய்ச் சாக்கை விரித்து, செத்த மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட ஆரம்பித்தான். எறியவில்லை, வைத்தான்.

அவனது சட்டை செடி மேல் சொட்டச் சொட்டக் கிடந்தது. பழக்க தோஷம், கோபத்திலும் அவள் கை அதை எடுத்துப் பிழிந்தது.

சட்டைப் பையில் ஏதோ சுருக்கென்று விரலில் குத்தியது.

பையின் பித்தானைக் கழற்றினாள். நனைந்த காகிதப் பொட்டலம் ஒன்று. அதற்குள் ஒற்றைத் தோடு. கல் இடுக்கில் இன்னும் சேறு இருந்தது.

அம்மா சாவதற்கு முன் தன் காதிலிருந்து கழற்றி இவளுக்குப் போட்டுவிட்ட ஜோடியில் ஒன்று. சென்ற தடவை வலை இழுக்கும்போது, இந்தப் படிக்கல்லருகேதான் பாசிக்குள் விழுந்து போனது. அவளும் அவனும் நாள் முழுக்கத் துழாவியும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் மறு காதிலும் எதுவும் போடவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். அவன் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான்.

காகிதத்தை முன்போலவே மடித்து, சட்டைப் பையிலேயே வைத்துப் பித்தானைப் போட்டாள். சட்டையைக் கொடியில் காயப் போட்டுவிட்டு, இன்னொரு சாக்கை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.