மாப்பிள்ளையின் இரை

எங்கள் வீட்டுத் தாடி ஓணானுக்கு மாப்பிள்ளை என்று பெயர். உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்துசேர வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதால் என் கணவர் பெனடிக்ட் வைத்த பெயர் அது. பிராணிகள் பேசுவதைத் தமிழில் சொல்லும் ஸ்பீக்கரை வாங்கிய நாளிலிருந்து, "ஏய், பசிக்குது" என்பதைத் தவிர அது என்னிடம் வேறெதுவும் சொன்னதில்லை.

அதன் இரைக்காக பால்கனியில் ஒரு பெட்டி நிறையக் கரப்பான்பூச்சி வளர்க்கிறேன். போன வாரம் ஸ்பீக்கர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலையில் கேரட் துண்டுகளோடு பெட்டியைத் திறந்தேன். பூச்சிகள் ஒளிந்துகொள்ள வைத்திருந்த முட்டை அட்டைகளுக்கு அடியில் சலசலப்பு; என் கழுத்தில் தொங்கிய ஸ்பீக்கரில் பல குரல்கள் மெல்லக் கேட்டன.

"அம்மா வந்தாச்சு."

அதற்குப் பிறகு என்னால் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மாப்பிள்ளை கீரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. வயிறு ஒட்டிப்போய், கண்ணை மூடிக் கிடந்தது.

"கேரட் போட்டா யாரையும் அம்மான்னுதான் சொல்லும், ஸ்டெல்லா. இவன் செத்துடுவான்," என்றார் பெனடிக்ட்.

"அப்ப நீங்களே போடுங்க."

அவர் இடுக்கியோடு போய்ப் பெட்டியைத் திறந்தார். பக்கத்தில் நின்ற என் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

"பாத்தியா, என்கிட்ட ஒரு மரியாதை இருக்கு," என்று சிரித்தபடி ஒன்றைப் பிடித்து வந்து மாப்பிள்ளையிடம் நீட்டினார். நான் ஸ்பீக்கரைக் கையால் பொத்திக்கொண்டேன்.

மாப்பிள்ளை அதை விழுங்கிவிட்டுக் கண்ணை முழுதாகத் திறந்தது. பிழைத்துக்கொண்டது என்று நினைத்துக் கையை எடுத்தேன்.

"அம்மா," என்றது ஸ்பீக்கர்.

பெனடிக்டின் சிரிப்பு நின்றுபோனது. "இப்ப யாரு கூப்பிட்டது?"

ஓணானின் தொண்டை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியாமலே, "என்ன கண்ணு?" என்றேன்.