உள்ளே: 1

“இப்ப அழுத்துங்க அத்தான்,” என்று போனில் சொன்னான் என் மைத்துனன்.

அழுத்தினேன்.

பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சூடு ஏறிவிட்டது. அதற்குள் ஓடிக்கொண்டிருந்த சர்வரை, ஓட்டம் நிற்காமல் புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். உடம்பில்லாத சர்வர் அது. கூடுவிட்டுக் கூடு பாயும். தன் ஞாபகத்தையெல்லாம் முன்கூட்டியே அனுப்பிவிட்டு, கடைசியில் ஓர் இமைப்பொழுது மட்டும் மூர்ச்சையாகும். கண் விழித்தால் புது வீடு. இடம் மாறியதே அதற்குத் தெரியாது.

இந்த அறையைக் காப்பதுதான் அதன் உத்தியோகம்.

கதவுக்கு மேல் ஒரு கண் உண்டு. வருபவரைக் கூட்டும், போகிறவரைக் கழிக்கும். உள்ளே ஆளில்லை என்று கணக்கு வந்தால் கதவைப் பூட்டி, தீப்பிடிக்காமல் இருக்க அறையின் காற்றை உறிஞ்சிவிடும். பெட்டிகளுக்கு மூச்சு தேவையில்லையே.

ஏற்பாடு முழுக்க மைத்துனனின் மூளை. அதற்காக அவனுக்கு விருது கொடுத்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். எனக்குப் பிறகு என் நாற்காலியும் அவனுக்குத்தான். நான்தான் ஓய்வைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நாற்காலி அவ்வளவு மெத்தென்று இருக்கும்.

திரையில் பச்சை விளக்கு எரிந்தது. மாற்றம் முடிந்தது.

திரும்பினால், கதவடியில் மைத்துனன் நிற்கிறான். வெளியே இருந்தபடி இணைப்பு அறுகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னவன். போன் இன்னும் காதில்.

தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவன் அவன். இன்றைக்கு இமைப்பொழுது தவறவில்லை.

சுவரில் ஆள் கணக்கைக் காட்டும் பலகையைப் பார்த்தேன்.

உள்ளே: 1.

நாங்களோ இரண்டு பேர். அவன் நுழைந்தபோது சர்வர் மூர்ச்சையில் இருந்திருக்கிறது. இனி எங்களில் யார் முதலில் வெளியே போனாலும், அதன் கணக்கில் அறை காலி.

நான் அறையின் இந்தக் கோடியில். அவன் கதவுக்கு ஒரு கை தூரத்தில்.

கணக்கில் ஒரு தலை குறைகிறதே மாப்ளே, திருத்திவிடு என்றேன், சாதாரணமாக. திருத்தும் கடவுச்சொல் அவனிடம் மட்டும்தான் இருந்தது.

அவனும் சாதாரணமாகத் தலையாட்டினான். லேப்டாப்பை வெளியே வைத்துவிட்டானாம். போய் எடுத்து வருகிறானாம்.

நான் இங்கிருந்து நகர்ந்தேன். அவன் கை அங்கே கதவைத் தொட்டது. சின்ன வயதிலிருந்தே மரியாதை தெரிந்த பிள்ளை, சொல்லாமல் போகமாட்டான்.

“அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன் அத்தான்,” என்றான்.

என்ன சொன்னான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.