கண்ணாடி யாரிடம் சொன்னது

மீன் குழம்பில் தலை எப்போதும் செல்வநாயகத்துக்குத்தான். அன்று மதியம் அவரே அதை எடுத்து மனைவியின் தட்டில் வைத்தபோது, சியாமளவல்லி பிசைந்த சோற்றை அப்படியே விட்டாள். ஒரு வாரமாகக் காலைக் காப்பியும் அவர்தான் போடுகிறார்.

அவள் கை தானாகப் பிடரிக்குப் போனது. இரண்டு மாதமாக அங்கே தோல் வெல்வெட்டுத் துணிபோல் கறுத்துத் தடித்திருந்தது. தாலிச்சங்கிலி உரசிய கறுப்பு என்று எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி ஏதாவது சொல்லிச்சா?" என்று அவரைக் கேட்டாள்.

எல்லா வீட்டுக் குளியலறைக் கண்ணாடியும் காலையில் தோலைப் படிக்கும். நோய் என்று சந்தேகம் வந்தால் குடும்பத் தலைவருக்குத் தகவல் அனுப்பும்.

"வயித்துல புற்று இருக்கலாமாம். தோல்லதான் முதல்ல தெரியுமாம். ஏதாவது சாக்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு... நீ பயந்துடுவேன்னுதான் வல்லி."

"பயப்படணுமா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன். எழுந்திரிங்க."

பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது. ஏழு நாளும் அந்தக் கண்ணாடி முன் நின்றுதான் பொட்டு வைத்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அது அவரிடம் பேசியிருக்கிறது.

தகவல் பெறுபவரின் பெயரை மாற்றக் குடும்பத் தலைவரின் விரல்ரேகை வேண்டும். அவரைக் குளியலறைக்கு அழைத்துப்போய், குழம்பு ஒட்டிய அவர் கட்டைவிரலைப் புடவைத் தலைப்பால் துடைத்து, கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

"இனித் தகவல் யாருக்கு?" என்று கேட்டது கண்ணாடி.

"எனக்கு. முதல் நாள்லேருந்து சொல்லு."

"அருகில் இன்னொருவர் இருக்கிறார். அவர் கேட்கலாமா?"

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெளியில இருங்க. நான் வந்து சொல்றேன்" என்று கதவைச் சாத்தினாள்.