ஒரு துடிப்புத் தாமதம்

“என் வேலையில கை வைக்க நீ யாருலா?”

பிரமிளா போட்ட சத்தத்தில் ஜெலாப்பாங் அலுவலகத்தின் மொத்த மாடியும் திரும்பிப் பார்த்தது. எதிரே நின்ற விக்னேஸ்வரனின் கையில் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய, பால் கலக்காத கோப்பி ஓ. அதைக் குடிக்கவும் முடியாமல் மேசையில் வைக்கவும் முடியாமல் விழித்தான்.

“அக்கா, அது வந்து...”

“ஒண்ணும் வர வேணாம். வா, பாஸ்கிட்டயே பேசிக்கலாம்.”

அது சிப் வடிவமைக்கும் கம்பெனி. நோயாளிகளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு ஒரு சிப் செய்துகொண்டிருந்தார்கள். அன்று மதியம் மூன்று மணிக்கு அதன் வடிவமைப்பு தொழிற்சாலைக்குப் போகிறது. போனால் போனதுதான், அப்புறம் திருத்த முடியாது.

சிப்பின் வேகத்துக்குப் பிரமிளாதான் பொறுப்பு. பன்னிரண்டு சதவீதம் கூட்டிக் காட்டுகிறேன் என்று எல்லார் முன்னாலும் வாயை விட்டவள், கூட்டியும் காட்டிவிட்டாள். இன்று காலை வந்து பார்த்தால் பதினொன்று! யார் செய்த வேலை என்று மாற்றங்களின் பட்டியலைத் திறந்தாள். கடைசியாக விக்னேஸ்வரனின் பெயர். அதற்குக் கீழே அவன் எழுதியிருந்ததைப் படிக்க அவளுக்கு ஏது பொறுமை?

கோபத்துக்குப் பின்னால் பயமும் இருந்தது. போன மாதம் அவள் செய்த ஒரு பிழையால் வேலை இரண்டு வாரம் தள்ளிப்போனது. “இன்னொரு தடவ இப்படி நடந்தா வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்” என்று மேலாளர் ஸ்கந்தராஜா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நான்கு வருட உழைப்பு. அதைத் தூக்கி இன்னொருவரிடம் கொடுப்பதா?

ஸ்கந்தராஜாவின் அறைக்குள் நுழைந்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

“பாஸ், கீழ ரொட்டி சானாய் கடையில எப்படி? ஒருத்தர் மாவை வீசுறாரு, ஒருத்தர் கல்லுல போடுறாரு, ஒருத்தர் தட்டுல வைக்கிறாரு. மொத ரொட்டி வேகும்போதே ரெண்டாவதுக்கு மாவு வீசுனாத்தானே வேகம்? நம்ம சிப்பும் அப்படித்தானே ஓடுது? இவன் நடுவுல போயி, சிப்போட கடிகாரம் ஒரு துடிப்பு துடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுன்னு நிறுத்தி வச்சிருக்கான்!”

“எனக்கே ரொட்டிக் கடை பாடமா?” என்று சிரித்தபடி திரையைப் பார்த்தார் ஸ்கந்தராஜா. “விக்னேஸ், புதுசா ஒரு சோதனையும் சேர்த்திருக்க போல. சரி, நிறுத்தத்தை எடுத்துட்டு ஓட்டிப் பார்ப்போம்.”

தேறிய சோதனைகள் திரையில் பச்சை வரிகளாக ஓடின. பிரமிளா விக்னேஸ்வரனை ஒரு பார்வை பார்த்தாள். பச்சை, பச்சை, பச்சை... கடைசியில் ஒன்று சிவப்பு.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். மணிக்கு ஐந்து மில்லி ஏற வேண்டிய மருந்துக்கு, சிப் சொன்ன விடை ஐம்பது.

முதல் கணக்கின் விடை வந்தால்தான் இரண்டாவது கணக்கைப் போட முடியும். அது வருவதற்குள் அவசரப்பட்டு, அங்கே கிடந்த பழைய விடையை எடுத்துக்கொண்டுவிட்டது சிப். வேகாத ரொட்டியைத் தட்டில் வைத்த கதைதான். அந்த இடத்தை எழுதியவள் பிரமிளா.

ஸ்கந்தராஜா நிறுத்தத்தைத் திரும்பப் போட்டு ஓட்டினார். இந்த முறை எல்லாம் பச்சை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மாடி, தப்பிச்சோம்! இது மட்டும் மூணு மணிக்கு அப்படியே போயிருந்தா? பதினொண்ணே தாராளம்லா. கருவி செய்றவங்க கேட்டது பத்துதானே.”

அந்த இடத்தை எழுதியது யார் என்பதுதான் அடுத்த கேள்வி என்று பிரமிளாவுக்குத் தெரியும். இன்றோடு இந்த வேலை கையை விட்டுப் போகிறது.

ஆனால் ஸ்கந்தராஜா மாற்றங்களின் பட்டியலைத் திறந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உரக்கப் படித்தார்.

“‘பிரமிளா அக்கா கண்டுபிடித்த பிழை. அவர் சொன்னபடி ஒரு துடிப்பு நிறுத்தம் சேர்த்திருக்கிறேன். விக்னேஸ்வரன்.’”

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “என்ன பிரமிளா? நீங்களே கண்டுபிடிச்சு, நீங்களே போடச் சொல்லிட்டு, நீங்களே சண்டைக்கும் வர்றீங்களா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் விக்னேஸ்வரன் முந்திக்கொண்டான்.

“வேலை டென்ஷன்ல அக்காவுக்கு மறந்திருக்கும் பாஸ். நேத்து சாயங்காலம் போன்லதான் சொன்னாங்க.”

“அதானே! போன மாசம் நான் திட்டுனது வீண் போகல. நல்ல வேலை பிரமிளா.”

போன உயிர் திரும்பி வந்தது. நான்கு வருட உழைப்பும் அவளிடமே இருந்தது. தலையை ஒரு தடவை ஆட்டினால் போதும், எல்லாம் முடிந்தது.

விக்னேஸ்வரன் அவளைப் பார்க்கவே இல்லை. கோப்பிப் பையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, மேசைக் காலைப் பார்த்தபடி நின்றான்.

பிரமிளா கையிலிருந்த தொலைபேசியில் அழைப்புகளின் பட்டியலைத் திறந்து ஸ்கந்தராஜாவின் முன்னால் வைத்தாள்.

“நான் எதுவும் சொல்லல பாஸ். நேத்து இவன் மூணு தடவ கூப்பிட்டிருக்கான். நான் ஒரு தடவகூட எடுக்கல.”