காகம் சொன்ன எண்

காது குத்திய புண் ஆறியதும், முயல் தோடு வாங்கக் காகத்தின் கடைக்குச் சென்றது.

"அண்ணே, என் காதுத் துளை ரொம்பச் சின்னது. கம்பி மெல்லியதாக ஒரு தோடு கொடுங்கள்."

காகம் அட்டையில் குத்திய இரண்டு தோடுகளை எடுத்து வைத்தது. அட்டை கம்பிகளை மறைத்திருந்தது.

"இது இருபதாம் எண், இது பதினான்காம் எண். எது வேண்டும், தங்கச்சி?"

"பதினான்குதானே சின்னது? அதையே கொடுங்கள்."

கம்பி மெலிய மெலிய எண் ஏறும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். காகம் அதை நன்கு அறியும். பதினான்காம் எண் தோடுகள் நெடுநாளாக விற்காமல் கிடப்பதையும் அறியும். ஆகவே, "உன் முகத்துக்கு இதுதான் எடுப்பு" என்று சொல்லிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது.

வீட்டில் முயல் தோட்டை அழுத்தி நுழைத்தது. துளை கிழிந்தது. இரத்தம் வழியும் காதைப் பிடித்தபடி அது கடைக்கு ஓடி வந்தது.

"ஏன் என்னை ஏமாற்றினீர்கள்?"

"நானா? எண்ணைச் சரியாகத்தானே சொன்னேன்! நீயே கேட்டு வாங்கிவிட்டு என்மேல் பழி போடுகிறாயா?"

"நான் எண்ணா கேட்டேன்? மெல்லிய கம்பி கேட்டேன்!" முயல் கிழிந்த காதை முன்னே நீட்டியது. "நான் தவறாக எடுத்ததைப் பார்த்துக்கொண்டுதானே கட்டிக் கொடுத்தீர்கள்? உங்கள் வாயில் பொய் இல்லை, அண்ணே. என் காதைப் பாருங்கள்!"

காகம் தோட்டு அட்டைகளை அடுக்கத் தொடங்கியது.

அருகில் தோடு பார்த்துக்கொண்டிருந்த அணில், கையிலிருந்ததைக் கீழே வைத்தது.

"எண் இருக்கட்டும், அண்ணே. கம்பியைக் காட்டுங்கள்."